ஜூலையில் எழுதும் தீர்ப்பு



ஜூலை வந்துவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் என்.எஃப்.எல்.லின் 32 அணிகளும் பயிற்சி முகாமுக்குக் கூடிவிடும். ஆராதனை முடிந்து காப்பி ஊற்றும் இடத்தில் இப்போதே பேச்சு சூடாகிவிட்டது. ஈகிள்ஸ் பையன்கள் ஒரு பக்கம், ஜயன்ட்ஸ் பையன்கள் மறு பக்கம். "அந்தப் புதுப் பையன் தேறமாட்டான்." "இவனுக்கு முழங்கால் போச்சு, இனி அவ்வளவுதான்." போன ஞாயிறு சமோசாத் தட்டோடு பக்கத்தில் நின்ற ஓர் அங்கிள் எங்களிடம் கேட்டார்: "ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கலையே, அதுக்குள்ள எப்படிப்பா இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால் இந்த மாதப் பக்கத்தை அந்தக் கேள்விக்கே கொடுக்கிறோம். இந்த ஆண்டு அணிகளைப் பற்றி எழுதினால் நாங்களும் ஊகம்தான் சொல்லவேண்டியிருக்கும். ஆகவே, முடிவு என்னவென்று தெரிந்த ஒரு ஜூலையை எடுத்துக்கொள்வோம். ஆண்டு 2021. அணி, ஒஹாயோவின் சின்சினாட்டி பெங்கால்ஸ்.

முகாம் என்றால் என்ன?

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாத அப்பா அம்மாக்களுக்காக ஒரு வார்த்தை. கல்லூரியில் ஆடி முடித்த இளைஞர்களை அணிகள் ஏப்ரல் மாதக் கடைசியில் 'டிராஃப்ட்' என்ற முறையில் ஏழு சுற்றுகளாகத் தேர்ந்தெடுக்கின்றன. முந்தின ஆண்டு மோசமாகத் தோற்ற அணிக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கும். இப்படி வரும் முதலாண்டுக்காரர்களைத்தான் 'ரூக்கி' என்கிறோம். ஜூலைக் கடைசியில் முகாம் தொடங்கும்போது ஓர் அணியில் 90 பேர்வரை இருப்பார்கள். செப்டம்பரில் ஆட்டம் தொடங்குமுன் அது 53 ஆகிவிட வேண்டும். எல்லா அணிகளையும் சேர்த்துப் பார்த்தால், ஆகஸ்ட் முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறார்கள். சிலரைப் பயிற்சி அணியில் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

முகாமுக்கு வந்தவுடன் நடப்பது மருத்துவப் பரிசோதனை. உடல் இன்னும் தயாராகாதவர்களை ஒரு தனிப் பட்டியலில் வைப்பார்கள். அவர்கள் அணியோடு இருக்கலாம், மருத்துவர்களோடு உழைக்கலாம், ஆனால் பயிற்சியில் இறங்க முடியாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முகாமில் ஒரே ஒரு நாள் பயிற்சியில் இறங்கிவிட்டாலும், பிறகு அந்தப் பட்டியலுக்குத் திரும்ப வழியில்லை. 'தயார்' என்று சொல்வதற்குமுன் இரண்டு முறை யோசிக்கவேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

முகாமின் முதல் சில நாட்கள் தோள்கவசம் இல்லாமல், மோதல் இல்லாமல் நடக்கும். இந்த எச்சரிக்கையின் பின்னால் ஒரு துயரமான பாடம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 1ஆம் தேதி, மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கோரி ஸ்டிரிங்கர் முகாமில் ஏற்பட்ட வெப்பத் தாக்குதலால் இறந்துபோனார். அவருக்கு வயது 27. அவர் பெயரில் இன்று கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஒரு நிறுவனம் இயங்குகிறது. வெப்பம் தாக்கி ஒருவர் விழுந்தால் முதலில் பனிநீரில் அமிழ்த்தி உடலைக் குளிர்விக்கவேண்டும், அதன் பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும் என்று அது பள்ளிகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரும் ஆகஸ்டில் பள்ளி மைதானத்துக்குப் போகப்போகிறார்கள். பெற்றோர் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முழங்கால்

2021 ஜூலைக்கு வருவோம். பெங்கால்ஸ் அணிக்கு அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் பரிதாபமானவை. 2019இல் 16 ஆட்டங்களில் வென்றது 2 மட்டுமே. அதற்குக் கிடைத்த ஆறுதலாக 2020 டிராஃப்டில் முதல் இடத்தில் ஜோ பர்ரோவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒஹாயோவில் வளர்ந்தவர். லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியை, எல்.எஸ்.யூ. என்று நாம் அறிந்த அணியை, ஓர் ஆட்டமும் தோற்காமல் சாம்பியனாக்கிய குவாட்டர்பேக். எல்லாப் பந்தும் அவர் கையிலிருந்துதான் புறப்படவேண்டும்.

ஆனால் அவருக்கு முன்னால் நின்று காக்கவேண்டிய தடுப்பு வரிசை பலவீனமாக இருந்தது. பத்து ஆட்டங்களில் 32 முறை அவரைத் தரையில் வீழ்த்தினார்கள். 2020 நவம்பர் 22ஆம் தேதி வாஷிங்டனில் நடந்த பத்தாவது ஆட்டத்தில் அவருடைய இடது முழங்கால் மடங்கிவிட்டது. ஏ.சி.எல்., எம்.சி.எல். என்ற இரண்டு இணைப்பு நார்களும் கிழிந்தன. டிசம்பர் 2ஆம் தேதி அறுவைச் சிகிச்சை நடந்தது.

முகாம் தொடங்கியபோது அந்த அறுவைக்கு எட்டு மாதம்கூட நிறையவில்லை. பர்ரோ பயிற்சியில் இறங்கினார். மருத்துவர்கள் அனுமதித்திருந்தார்கள். ஆனாலும் முதல் நாட்கள் சரியாகப் போகவில்லை. பந்து குறிதவறியது. பயிற்சியில் குவாட்டர்பேக்கைத் தொடக்கூடாது என்பது விதி. அப்படியிருந்தும் கால்களுக்கு அருகே ஆட்கள் பாயும்போது அவர் தயங்கினார். கால் ஆறிவிட்டது, மனம் இன்னும் ஆறவில்லை. செய்தியாளர்கள் ஒவ்வொரு தப்பிய பந்தையும் எண்ணி எழுதினார்கள்.

அவர் மட்டுமல்ல. நடுத் தடுப்பில் நின்ற டி.ஜே. ரீடர் தொடைத் தசை கிழிந்து முந்தைய ஆண்டின் பெரும்பகுதியை இழந்திருந்தார். ஓட்டக்காரர் ஜோ மிக்ஸன் பாதக் காயத்தால் ஆறு ஆட்டங்களோடு நின்றுபோயிருந்தார். பெரிய தொகைக்கு ஒப்பந்தமான டிரே வெய்ன்ஸ் மார்புத் தசை கிழிந்து, பெங்கால்ஸுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாமலே முதல் ஆண்டைக் கழித்திருந்தார். காயப் பட்டியல் அவ்வளவு நீளம்.

நழுவிய பந்துகள்

அந்த ஏப்ரலில் பெங்கால்ஸுக்கு ஐந்தாவது தேர்வு கிடைத்தது. ஊரே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. "தடுப்பு வரிசைக்கு பெனே சூவலை எடு. இல்லையென்றால் பர்ரோவின் அடுத்த முழங்காலும் போய்விடும்" என்றது ஒரு கட்சி. "பர்ரோவோடு எல்.எஸ்.யூ.வில் சேர்ந்து ஆடிய ஜமார் சேஸை எடு. பந்தைப் பிடிக்க ஆள் வேண்டாமா?" என்றது மறு கட்சி. அணி சேஸை எடுத்தது. சூவல் ஏழாவது தேர்வாக டெட்ராய்ட்டுக்குப் போனார்.

சேஸ் 2019இல் கல்லூரியில் 1,780 யார்டு குவித்து 20 டச்டவுன் போட்டவர். ஆனால் கொரோனா காலம் என்பதால் 2020 முழுவதும் ஆடாமல் ஒதுங்கியிருந்தார். ஒன்றரை ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஆகஸ்ட் முன்னோட்ட ஆட்டங்களில் இறங்கியபோது, தன்னிடம் வந்த பந்துகளில் பெரும்பாலானவற்றை நழுவவிட்டார். காரணம் கேட்டார்கள். கல்லூரிப் பந்தில் வெள்ளைக் கோடு இருக்கும், இங்கே பந்து சற்றுப் பெரியது, கோடும் இல்லை, கண்ணுக்குப் பழகவேண்டும் என்றார். உண்மையைச் சொன்ன அந்தப் பையனை நாடே கேலி செய்தது. நாங்களும் சிரித்தோம். ஒளிக்க என்ன இருக்கிறது?

அந்த ஆண்டு பெங்கால்ஸ் எடுத்த பத்துப் பேரில் இன்னும் மூவரைச் சொல்லவேண்டும். இரண்டாம் சுற்றில் வந்த ஜாக்ஸன் கார்மன் உள்ளூர்ப் பையன். முதுகு வலியோடே கல்லூரியின் கடைசி ஆண்டை ஆடி முடித்து, பிறகு அறுவை செய்துகொண்டு வந்தவர். முகாமில் தொடக்க இடத்தைப் பிடிக்க முடியவில்லை. ஐந்தாம் சுற்றில் 149ஆவது பெயராக வந்தவர் எவன் மெக்ஃபர்ஸன், பந்தை உதைப்பவர். அந்த ஆண்டு டிராஃப்ட் முழுவதிலும் தேர்வான ஒரே கிக்கர். "உதைக்கிறவனுக்கு ஒரு தேர்வை வீணடிப்பதா?" என்று கேட்டவர்கள் உண்டு. மூன்றாம் சுற்றில் வந்தவர் ஜோசப் ஓசாய். நைஜீரியாவில் பிறந்து, சிறுவயதில் பெற்றோரோடு டெக்சஸுக்கு வந்தவர். நம்மில் பலருடைய கதைபோலத்தான். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

பிறகு நடந்தது

செப்டம்பர் 12. வைக்கிங்ஸுடன் முதல் ஆட்டம். அறுவை நடந்து ஒன்பது மாதமும் பத்து நாளும் ஆகியிருந்தது. முன்னோட்ட ஆட்டங்களில் பர்ரோவைக் கடைசி ஆட்டத்தில் சில நொடிகள் தவிர அணி இறக்கவே இல்லை. "காட்டு, காட்டு" என்று எல்லோரும் கேட்டபோதும் காட்டவில்லை. அன்று முதல் பாதி முடியுமுன் பர்ரோ எறிந்த பந்தை சேஸ் பிடித்து 50 யார்டு டச்டவுன் ஆக்கினார். கூடுதல் நேரத்தில் மெக்ஃபர்ஸன் உதைத்து வென்று கொடுத்தார். 27–24.

அந்தப் பருவத்தில் சேஸ் சேர்த்தது 1,455 யார்டு, 13 டச்டவுன். ஆண்டின் சிறந்த தாக்குதல் ரூக்கி விருது அவருக்கு. மீண்டு வந்தவருக்கான விருது பர்ரோவுக்கு. மிக்ஸன் ஆயிரத்து இருநூறு யார்டுக்கு மேல் ஓடினார். ரீடர் நடுவில் மலைபோல் நின்றார். 31 ஆண்டுகளாக பிளேஆஃப் வெற்றியே காணாத அணி மூன்று ஆட்டங்களை வென்று சூப்பர் பவுலுக்குப் போனது. 149ஆவது பெயரான மெக்ஃபர்ஸன் அந்த பிளேஆஃப்களில் 14 முறை மூன்று புள்ளிக்காக உதைத்தார். பதினான்கும் உள்ளே. 2022 பிப்ரவரி 13ஆம் தேதி நடந்த இறுதி ஆட்டத்தில் ராம்ஸ் அணியிடம் 20–23 என்று தோற்றார்கள். அவ்வளவு தூரம் வருவார்கள் என்று ஜூலையில் சொன்னவர்கள் எத்தனை பேர்?

ஆனால் நேர்மையாகச் சொல்லவேண்டும். 'தடுப்பு வரிசையைச் சரிசெய்' என்று கத்தியவர்கள் தவறாகச் சொல்லவில்லை. டென்னஸி அணியுடனான ஆட்டத்தில் பர்ரோவை ஒன்பது முறை வீழ்த்தினார்கள். சூப்பர் பவுலில் ஏழு முறை. அவர்கள் கேட்ட சூவலும் டெட்ராய்ட்டில் மிகச் சிறந்த தடுப்பாளராக வளர்ந்தார். ஆக, இரண்டு கட்சியும் பாதி சரி. முழுத் தவறு எது என்றால், ஆறிக்கொண்டிருக்கும் காலையும் பழகிக்கொண்டிருக்கும் கையையும் பார்த்து 'முடிந்தது' என்று எழுதியதுதான்.

எல்லோருக்கும் அப்படி முடியவில்லை

பொறுமையாக இருந்தால் எல்லாம் நன்றாக முடியும் என்று எழுதினால் அது உங்களை ஏமாற்றுவது. டிரே வெய்ன்ஸும் காத்திருந்தார். ஓராண்டு முழுவதும் காத்திருந்தார். 2021இல் தொடைத் தசைக் காயம் வந்தது. அந்தப் பருவத்தின் பெரும்பகுதி போயிற்று. அடுத்த வசந்தத்தில் அணி அவரை விடுவித்தது. அவர் சோம்பேறி அல்ல. உடல் ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஓசாய் முகாமில் எல்லோர் கண்ணையும் கவர்ந்தார். முதல் முன்னோட்ட ஆட்டத்தில் பிரமாதமாக ஆடினார். அதே இரவில் முழங்கால் காயம். முதல் ஆண்டு முழுவதும் போயிற்று. அணி சூப்பர் பவுல் ஆடியபோது அவர் ஆட முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்து ஆடினார். 2023 ஜனவரி 29, கான்சாஸ் சிட்டியில் அரையிறுதி போன்ற ஆட்டம். 20–20 என்று சமநிலை. சில நொடிகளே மீதி. எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்ட குவாட்டர்பேக் மஹோம்ஸை ஓசாய் ஓடிவந்த வேகத்தில் தள்ளிவிட்டார். 15 யார்டு தண்டனை. எதிரணி மூன்று புள்ளி உதைத்து வென்றது. ஓசாய் பெஞ்சில் உட்கார்ந்து அழுததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் செய்தியாளர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்போது மூத்த ஆட்டக்காரர் பி.ஜே. ஹில் வந்து அவர் பக்கத்தில் நின்றார். பேட்டி முடியும்வரை நகரவில்லை. தம்பியை வம்புக்கு இழுக்கும் கேள்வி வராமல் பார்த்துக்கொண்டார். அந்த ஆண்டின் எந்த டச்டவுனையும்விட எங்களுக்கு நினைவில் நிற்பது அதுதான்.

எங்கள் தவறு

இதை ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், எங்கள் வாலிபர் குழுவிலும் ஒரு முழங்கால் கதை இருக்கிறது. பெயர் எழுதவில்லை. அந்தத் தம்பியே, "எழுதுங்கண்ணா, இன்னொருத்தனுக்கு உதவும்" என்று சொன்னான்.

பள்ளி சாக்கர் ஆட்டத்தில் ஏ.சி.எல். கிழிந்தது. நவம்பர் நடுவில் அறுவை. ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி: "எப்போடா திரும்ப இறங்குவே?" அன்பாகத்தான் கேட்டோம். மே மாதக் கடைசியில் சபைகளுக்கிடையேயான போட்டி வந்தது. ஆள் குறைந்தது. இன்னும் மூன்று மாதம் போகட்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். அது எங்களுக்கும் தெரியும். "பாதி நேரம் மட்டும் நில்லுடா, ஓடவேண்டாம்" என்றோம். வலியில்லை என்று அவனும் வந்தான். அவன் அம்மா காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "பார்த்துக்கோங்கப்பா" என்றார்கள். இருபதாவது நிமிடத்தில் யாரும் தொடாமலே திரும்பும்போது விழுந்தான். இரண்டாவது அறுவை. இன்னோர் ஆண்டு.

அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்று இன்று எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

பிறகுதான் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கிழிந்த நாருக்குப் பதிலாகப் பெரும்பாலும் நம் உடம்பிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்துப் பொருத்துகிறார்கள். அது உள்ளே மெல்ல மெல்ல மாறித்தான் இணைப்பு நாராக வேலைசெய்யப் பழகவேண்டும். வலி சில மாதங்களில் போய்விடும். ஆனால் உள்ளே பொருத்தியது அதற்குள் உறுதியாகியிருக்காது. 'வலியில்லை' என்பதும் 'ஆறிவிட்டது' என்பதும் ஒன்றல்ல. ஒன்பது மாதத்துக்குமுன் திரும்புகிறவர்களுக்கு மறுபடி காயம்படும் ஆபத்து அதிகம். மாதக் கணக்கு மட்டும் போதாது. அடிபட்ட கால் மற்றக் காலுக்கு ஏறக்குறைய சமமான பலத்துக்கு வந்திருக்கிறதா என்று தாவச்செய்தும் தள்ளச்செய்தும் சோதிப்பார்கள். சாக்கர், கூடைப்பந்து ஆடும் தங்கைகளே, இந்தக் காயம் பையன்களைவிட உங்களுக்கு வரும் வாய்ப்பு கூடுதல். கால்வலுப் பயிற்சிகளை விடாதீர்கள்.

பட்டியலைப் படிக்கும்போது

இந்த மாதக் கடைசியில் உங்கள் அணியின் செய்தி வரும். மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, காயம் பட்ட நாளையல்ல, அறுவை நடந்த நாளைப் பாருங்கள். அங்கிருந்து மாதத்தை எண்ணுங்கள். இரண்டு, முகாம் தொடங்கும்போது தயாராகாதோர் பட்டியலில் ஒரு பெயரைப் பார்த்துப் பதறவேண்டாம். அங்கிருந்து எந்த நாளும் வெளியே வரலாம். ஆகஸ்ட் கடைசியிலும் பெயர் அங்கேயே நின்றால்தான், இன்றைய விதிப்படி முதல் நான்கு ஆட்டங்கள் போகும். மூன்று, ஆகஸ்டில் ஒரு ரூக்கி பந்தை நழுவவிட்டால், பந்தில் இருந்த வெள்ளைக் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

சமோசா அங்கிளுக்கு எங்கள் பதில் இதுதான்: உறுதியாகச் சொல்ல முடியாது அங்கிள். சொன்னோமே, அது எங்கள் பிழை.

அந்தத் தம்பி இந்த முறை ஒன்பது மாதம் தாண்டி, சோதனையெல்லாம் முடித்து, போன மாதம் மெதுவாக ஓட ஆரம்பித்திருக்கிறான். ஞாயிறு அவனைப் பார்த்தால் 'எப்போ இறங்குவே?' என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, காப்பி வேண்டுமா என்று கேளுங்கள். போதும்.

அடுத்த மாதம் முகாம் செய்திகளோடு சந்திப்போம்.